ஹார்வர்டிலிருந்து வான்கூவருக்கு: கையால் அடித்த எண்பது சொச்சம் ரெஃபரன்ஸை எப்படி மாற்றுவது?

பதியன்

எல்லோருக்கும் வணக்கம். தாவரவியலில் பிஎச்டி செய்கிறேன். கொல்லிமலையில் வைத்தியர்கள் பயன்படுத்தும் மூலிகைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஒரு ஜர்னலுக்கு அனுப்பினோம். பொருள் எங்கள் எல்லைக்குள் வரவில்லை என்று திருப்பிவிட்டார்கள், சரி, அது நடப்பதுதான். இப்போது கைடு வேறொரு ஜர்னலைக் காட்டி இந்த வாரத்துக்குள் அனுப்பச் சொல்கிறார்.

பிரச்சினை என்னவென்றால் முதல் ஜர்னல் ஹார்வர்டு முறை கேட்டது, அதாவது அடைப்புக்குறிக்குள் பெயரும் வருடமும், கடைசியில் அகர வரிசைப் பட்டியல். புதிய ஜர்னல் வான்கூவர் கேட்கிறது, எல்லாம் எண். எண்பதுக்கு மேல் ரெஃபரன்ஸ் இருக்கிறது, அத்தனையும் வேர்டில் கையால் அடித்தவை. போன கட்டுரைக்கு சீனியர் அக்கா ஒருவர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். இப்போது உட்கார்ந்து 1, 2, 3 என்று எண் போட ஆரம்பித்தால் நடுவில் ஒன்றைச் சேர்த்ததும் எல்லாம் நகர்ந்துவிடுகிறது. ரெஃபரன்ஸைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் ரெஃபரன்ஸ் மேனேஜர் மென்பொருள் எதுவும் இதுவரை தொட்டதில்லை. எண்ட்நோட் வாங்கப் பணம் இல்லை.

இதை இனிமேல் ஒழுங்காகச் செய்ய என்ன வழி? இந்த ஒரு தடவை மட்டும் கையாலேயே முடித்துவிடலாமா?

---

பின்னூட்டப்புலி

முதலில் ஒன்று கேட்கிறேன், புதிய ஜர்னலின் ஆசிரியர் வழிகாட்டியை முழுக்கப் படித்தீர்களா? எல்ஸ்வியர் ஜர்னல்கள் பலவற்றில் முதல் முறை அனுப்பும்போது ரெஃபரன்ஸ் எந்த முறையில் இருந்தாலும் பரவாயில்லை, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று போட்டிருப்பார்கள். இன்னும் சில பதிப்பகங்களும் இப்போது அப்படித்தான். அந்த வரி அங்கே இருந்தால் ஹார்வர்டிலேயே அனுப்பிவிட்டு, திருத்தச் சொல்லித் திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள். எப்படியும் ரிவ்யூவர் புண்ணியத்தில் பத்து ரெஃபரன்ஸாவது கூடப்போகிறது, அதில் நாலு அவருடையதாகவே இருக்கும்.

இல்லை, இப்போதே வான்கூவர் வேண்டும் என்று எழுதியிருந்தால் ஜோட்டெரோ என்ற ரெஃபரன்ஸ் மேனேஜரைப் போடுங்கள். இலவசம். மெண்டலியும் இலவசம்தான், ஆனால் 2013-இல் எல்ஸ்வியர் அதை வாங்கியதிலிருந்து எனக்கு அதன்மேல் பெரிய பிரியம் இல்லை. அது என் சொந்த விஷயம்.

---

கடைசிப்பக்கம்

பதியன், கையால் முடிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் வேலை பார்ப்பது இதன் மறுமுனையில். சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காகக் காப்பி எடிட்டிங்கும் டைப்செட்டிங்கும் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். உங்கள் கட்டுரை லண்டன் ஜர்னலில் ஏற்கப்பட்டாலும் அதன் ரெஃபரன்ஸ் பட்டியல் பெருங்குடியிலோ புதுச்சேரியிலோ ஒருவர் திரையில் வந்துதான் நிற்கும்.

வந்ததும் என்ன நடக்கிறது என்றால், ஒரு மென்பொருள் ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் துண்டு துண்டாகப் பிரிக்கிறது: குடும்பப் பெயர், இனிஷியல், தலைப்பு, ஜர்னல், வருடம், தொகுதி, பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்எம்எல் டேக். அப்புறம் அதை கிராஸ்ரெஃப், பப்மெட் என்ற கட்டுரைத் தரவுத்தளங்களில் தேடிப் பொருத்திப் பார்க்கிறது. பொருந்தினால் டிஓஐ, அதாவது அந்தக் கட்டுரையின் நிரந்தர அடையாள எண், சேர்ந்துவிடும். நீங்கள் கமா போட்டீர்களா அரைப்புள்ளி போட்டீர்களா என்பது எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை, அதை மென்பொருள் சில நொடியில் ஜர்னல் முறைக்கு மாற்றிவிடும். பொருந்தாமல் போகிறது பாருங்கள், அங்கேதான் மனித வேலை. வருடம் தப்பு, தொகுதி எண் இல்லை, முதல் ஆசிரியர் பெயர் பாதி, இப்படி. அதையெல்லாம் நாங்களாக ஊகித்துப் போட முடியாது, உங்களுக்குக் கேள்வியாக அனுப்புவோம். ‘14-ஆம் ரெஃபரன்ஸ் கட்டுரையில் எங்கும் குறிப்பிடப்படவில்லை, சேர்க்கவும் அல்லது நீக்கவும்’ என்ற கேள்வியைத் தினமும் எழுதுகிறேன். கையால் எண் போட்ட கட்டுரை என்றால் இது அனேகமாக நிச்சயம்.

ஆகவே முறையை மாற்றுவதைப் பற்றிப் பதற வேண்டாம், தகவலைச் சரி செய்யுங்கள். தகவல் சுத்தமாக ஒரே இடத்தில் இருந்தால் ஹார்வர்டு, வான்கூவர், ஏபிஏ எல்லாம் ஒரு கிளிக்.

ஜோட்டெரோவில் செய்யும் வழி இது. உங்கள் பட்டியலை அப்படியே எடுத்து கிராஸ்ரெஃபின் ‘சிம்பிள் டெக்ஸ்ட் கொரி’ பக்கத்தில் ஒட்டினால், டிஓஐ உள்ளவற்றுக்கு டிஓஐ தேடிக் கொடுக்கும். அந்த டிஓஐக்களை ஜோட்டெரோவில் மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும், அதில் மொத்தமாக ஒட்டுங்கள். கட்டுரைகளின் முழு விவரமும் தானாக வந்து உட்காரும். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண் போட்டால் வரும். டிஓஐ இல்லாதவற்றுக்கு எனிஸ்டைல் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, சும்மா எழுத்தாக இருக்கும் ரெஃபரன்ஸை அது பிரித்து ஜோட்டெரோ படிக்கிற மாதிரி கொடுக்கும், நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது. உங்கள் துறையில் பழைய இந்திய ஜர்னல் கட்டுரைகள் நிறைய இருக்கும், பலவற்றுக்கு டிஓஐ இருக்காது, அவற்றைக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கையால்தான் நிரப்ப வேண்டும். கூகுள் ஸ்காலரின் ‘சைட்’ பொத்தானிலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள், அதில் டிஓஐ வராது, ஆசிரியர் பெயர்களும் சில சமயம் பாதியில் நின்றுவிடும்.

வந்து இறங்கியதும் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். தாவரவியல் ஆட்களுக்கு இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, தலைப்பில் உள்ள தாவரப் பெயரின் சாய்வெழுத்து டிஓஐ வழியாக வரும்போது பல நேரம் காணாமல் போய்விடும். தலைப்புப் பெட்டியிலேயே அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் எச்டிஎம்எல் சாய்வெழுத்துக் குறி போட்டால் வேர்டில் சாய்வாக வரும். இரண்டு, சில ஜர்னல் தலைப்புகள் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கி வரும். வலது கிளிக் செய்து வாக்கிய நடைக்கு மாற்றலாம், ஆனால் மாற்றிய பிறகு பேரினப் பெயரும் ஊர்ப் பெயரும் சின்ன எழுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். துளசியின் பேரினப் பெயரான ‘ஓசிமம்’ சின்ன எழுத்தில் தொடங்கி அச்சானால் உங்கள் துறையில் சிரிப்பார்கள்.

---

பதியன்

பின்னூட்டப்புலி, வழிகாட்டியை இப்போது மறுபடி படித்தேன். எந்த முறையிலும் அனுப்பலாம் என்ற வரி இல்லை, வான்கூவர் என்று அழுத்தமாகவே போட்டிருக்கிறது.

கடைசிப்பக்கம் அண்ணா (அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும்), ரொம்ப நன்றி. பாதிக்கு மேல் ஜோட்டெரோவில் வந்துவிட்டது. இப்போது வேர்டில் இருக்கும் பெயர்-வருடம் எல்லாவற்றையும் அது தானாகக் கண்டுபிடித்து எண்ணாக்குமா?

அப்புறம் இன்னும் சில சந்தேகம். என் பெரிய அட்டவணையில் ஒவ்வொரு செடிக்கும் முன்பு பதிவான பயன்பாடு என்று ஒரு பத்தியில் ரெஃபரன்ஸ் இருக்கிறது, அவற்றுக்கு எண் எப்படி வரும்? தமிழில் அச்சான இரண்டு மூலிகை நூல்களையும் தஞ்சாவூரில் பார்த்த ஓர் ஓலைச்சுவடியையும் குறிப்பிட்டிருக்கிறேன், அதை எப்படிக் கொடுப்பது? நம்மூர் ஆசிரியர்களின் பெயரில் எது குடும்பப் பெயர் என்று எதை வைத்து முடிவு செய்வது? ஒரே ஆள் என் பட்டியலில் இரண்டு விதமாக இருக்கிறார்.

---

டெக்ஸ்_விசிறி

வேர்டுக்குப் பதில் லேடெக்ஸ் என்ற ஆவண மென்பொருளில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ரெஃபரன்ஸ் எல்லாம் இருக்கும் ஒரு பிப் கோப்பு, ஸ்டைல் பெயர் உள்ள ஒரே வரி, அதை மாற்றினால் வேலை முடிந்தது. அதன் ரெஃபரன்ஸ் கருவியான பிப்டெக்ஸ் 1985-லிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. லேடெக்ஸ் எழுதும் இணையதளமான ஓவர்லீஃபில் ஜர்னல் டெம்ப்ளேட்டும் கிடைக்கும்.

---

பின்னூட்டப்புலி

வந்துட்டாருய்யா. இந்த வாரம் அனுப்ப வேண்டிய தாவரவியல் ஸ்காலரை லேடெக்ஸ் கற்றுக்கொள்ளச் சொல்கிறீர்களே, அவர் கைடு வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்துகிறவராக இருந்தால் அந்த மனிதரையும் யார் மாற்றுவது?

---

டெக்ஸ்_விசிறி

சரி சரி, இந்தக் கட்டுரைக்கு வேண்டாம். ஆனால் தீசிஸ் எழுதும்போது யோசியுங்கள். ஜோட்டெரோவிலிருந்தே பிப் கோப்பு எடுக்கலாம், பெட்டர் பிப்டெக்ஸ் என்ற செருகி போட்டால் ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் அழைக்கும் குறியான சைட்டேஷன் கீ மாறாமல் நிற்கும், இப்போது சேர்ப்பது எதுவும் வீணாகாது. அந்தப் பக்கம் வந்தால் ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: பல பிப்டெக்ஸ் ஸ்டைல்கள் தலைப்பில் உள்ள பெரிய எழுத்தைச் சின்னதாக்கிவிடும், டிஎன்ஏ, பேரினப் பெயர், இந்தியா எல்லாவற்றையும் நெளி அடைப்புக்குள் போட்டுக் காப்பாற்ற வேண்டும். ஆசிரியர் பெயர்களுக்கு நடுவில் கமா போடக்கூடாது, ‘அண்ட்’ என்ற சொல்தான். கமா போட்டால் அது பெயரையே தலைகீழாகப் புரிந்துகொள்ளும்.

---

கடைசிப்பக்கம்

பதியன், அண்ணா என்றே கூப்பிடுங்கள். 

வேர்டு தானாக மாற்றாது. பெயர்-வருடம் இருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் போய், அதை அழித்துவிட்டு, ஜோட்டெரோ பொத்தானை அழுத்தி அந்த இடத்தில் சைட்டேஷனைப் போட வேண்டும். திறக்கும் அடைப்புக்குறியைத் தேடச் சொன்னால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகும். இது ஒன்றுதான் உடம்பு உழைப்பு, ஒரு ராத்திரி வேலை. ஒரே இடத்தில் மூன்று ரெஃபரன்ஸ் இருந்தால் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் போடுங்கள், அப்போதுதான் 3–5 என்று சேர்ந்து வரும். தனித்தனியாகப் போட்டால் அடைப்புக்குறி மூன்று வரிசையாக நிற்கும், பார்க்கச் சகிக்காது.

ஹார்வர்டிலிருந்து எண்ணுக்குப் போகும்போது எல்லோரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. ‘ராமச்சந்திரன் முதலானோர் (1963) காட்டியபடி’ என்று வாக்கியத்துக்குள்ளேயே பெயர் வரும் இடங்கள். அங்கே மொத்தத்தையும் அழித்து எண்ணைப் போட்டால் ‘(12) காட்டியபடி’ என்று வாக்கியம் தலையில்லாமல் நிற்கும். பெயரைச் சாதாரண எழுத்தாகவே விட்டுவிட்டு, வருடத்தை மட்டும் அழித்து அங்கே எண்ணைப் போடுங்கள். அதேபோல் முற்றுப்புள்ளி. சில ஜர்னல்களில் எண் அடைப்புக்குறிக்குள் முற்றுப்புள்ளிக்கு முன்னால் வரும், சிலவற்றில் மேலெழுத்தாகப் புள்ளிக்குப் பின்னால் வரும். வேர்டில் ஜோட்டெரோ உங்கள் புள்ளியை நகர்த்திக் கொடுக்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ‘வான்கூவர்’ என்று ஒரே ஒரு முறை இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். 1978-இல் மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதிலிருந்து வந்த பெயர் அது, இன்று ஆளுக்கு ஒரு வான்கூவர். அந்தக் குழுவின் மாதிரிப்படி ஆறு ஆசிரியர் வரை பெயர், அதற்கு மேல் எட் ஆல், அதாவது ‘முதலானோர்’. ஆனால் சில ஜர்னல் மூன்றோடு நிறுத்தும், சில எல்லாப் பெயரையும் கேட்கும். வான்கூவருக்கு வெளியே பாருங்கள், நேச்சரில் ஐந்துக்கு மேல் போனால் முதல் பெயர் மட்டும்தான், ஏபிஏயின் ஏழாம் பதிப்பில் இருபது பேர் வரை போட வேண்டும். அதனால் ஜோட்டெரோவின் ஸ்டைல் களஞ்சியத்தில் ‘வான்கூவர்’ என்று தேடாமல் உங்கள் ஜர்னலின் பெயரையே தேடுங்கள். பத்தாயிரத்துக்கும் மேல் ஸ்டைல் இருக்கிறது, இருக்க வாய்ப்பு அதிகம். இறக்கிய பிறகும் ஜர்னலில் சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையைப் பக்கத்தில் வைத்து நாலு ரெஃபரன்ஸ் ஒப்பிட்டுவிடுங்கள், வழிகாட்டியை விட அச்சான கட்டுரை நம்பகமானது.

ஒரே ரெஃபரன்ஸ் எப்படி மாறுகிறது என்று பார்த்தால் புரியும். சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ராமச்சந்திரன் வரைபடக் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டில்: ராமச்சந்திரன், ஜி.என்., ராமகிருஷ்ணன், சி., சசிசேகரன், வி., 1963, தலைப்பு, ஜர்னல் பெயர், 7, 95–99. வான்கூவரில்: ராமச்சந்திரன் ஜிஎன், ராமகிருஷ்ணன் சி, சசிசேகரன் வி. தலைப்பு. சுருக்கிய ஜர்னல் பெயர். 1963;7:95-9. இனிஷியலின் புள்ளிகள் போய்விட்டன, வருடம் பின்னால் போய்விட்டது, கடைசிப் பக்க எண்ணில் திரும்ப வரும் இலக்கம் போய்விட்டது. இதை எண்பது தடவை கையால் செய்து ஒரு இடத்திலும் தப்பு விடாத ஆளை நான் பார்த்ததில்லை.

ஜர்னல் பெயர்ச் சுருக்கத்துக்கு ஜோட்டெரோவின் ஆவண விருப்பங்களில் ‘மெட்லைன் சுருக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் செய்யுங்கள். ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி என்பது ஜே எத்னோஃபார்மகால் ஆகிவிடும். ஃபைட்டோகெமிஸ்ட்ரி, ஃபிட்டோதெரபியா மாதிரி ஒரே சொல்லில் இருப்பதைச் சுருக்கக் கூடாது, அதை நீங்களாகச் சுருக்கி வைக்காதீர்கள்.

அட்டவணைக் கேள்வி நல்ல கேள்வி, பலருக்கு இது தோன்றுவதே இல்லை. வான்கூவர் விதிப்படி, அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு, கட்டுரையில் ‘அட்டவணை 1’ என்று முதலில் சொல்லும் இடத்தை வைத்து எண் கொடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் அட்டவணையைக் கோப்பின் கடைசியில் வைத்திருந்தால் ஜோட்டெரோ அதைக் கடைசி என்று நினைத்து 60, 61 என்று எண் போடும். அதனால் வேலை முடியும்வரை அட்டவணையை அது முதலில் குறிப்பிடப்படும் பத்திக்குக் கீழேயே வைத்திருங்கள். எல்லாம் முடிந்ததும் கோப்பை வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் ஜோட்டெரோவின் ‘அன்லிங்க்’ பொத்தானை அழுத்துங்கள், எல்லாம் சாதாரண எழுத்தாகிவிடும். பிறகு அட்டவணையைக் கடைசிக்கு நகர்த்தி அந்த நகலை அனுப்புங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் பத்திரமாக வையுங்கள், ரிவ்யூ வந்தால் அதில்தான் வேலை. உங்கள் கைடிடமும் சொல்லிவிடுங்கள், எண்ணைத் தட்டச்சு செய்து திருத்த வேண்டாம், ஓரத்தில் கமென்ட் போட்டால் போதும் என்று.

---

ஓய்வு_வாத்தியார்

பெயர் விவகாரத்துக்கும் தமிழ் நூல் விவகாரத்துக்கும் நான் பதில் சொல்கிறேன், அதில்தான் எனக்குக் கோபம் அதிகம்.

பெயரில் ஒரே விதிதான் அம்மா/ஐயா: கட்டுரையில் அவர் தன் பெயரை எப்படிப் போட்டிருக்கிறாரோ, ஜர்னல் அதை எப்படிப் பதிந்திருக்கிறதோ, அப்படியே. அப்பா பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று நமக்குத் தெரியும் என்பதற்காக மாற்றக்கூடாது. 2009-இல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ராமகிருஷ்ணன் என்பது அப்பா பெயர். நம் வழக்கப்படி அவர் ‘ஆர். வெங்கட்ராமன்’. ஆனால் உலகம் முழுக்க அவர் கட்டுரைகள் ‘ராமகிருஷ்ணன் வி’ என்றுதான் பதிவாகியிருக்கின்றன, நீங்கள் ‘வெங்கட்ராமன் ஆர்’ என்று திருத்தினால் எந்தத் தேடலிலும் சிக்காது. கே. செல்வி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம், ஒரு கட்டுரையில் கே. செல்வி, பாஸ்போர்ட் எடுத்த பிறகு இன்னொரு கட்டுரையில் செல்வி குமார். முதலாவது ‘செல்வி கே’, இரண்டாவது ‘குமார் எஸ்’. ஒரே ஆள்தான், இரண்டும் சரிதான், அப்படியே விடுங்கள். நீங்கள் புதிதாகக் கட்டுரை எழுதத் தொடங்குகிறவர், உங்கள் பெயரை எப்படிப் போடுவது என்று இப்போதே முடிவு செய்து ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண்ணும் ஒன்று வாங்கிவிடுங்கள். இலவசம். பதினாறு இலக்கம், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.

தமிழ் நூலுக்கு: ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் ரோமன் எழுத்தில், நூல் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருள், பிறகு பதிப்பு, ஊர், பதிப்பகம், வருடம், முடிவில் ‘தமிழ்’ என்று மொழியின் பெயர். ஒலிபெயர்ப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி முறையைப் பின்பற்றினால் எழுத்துக்கு மேலும் கீழும் கோடும் புள்ளியும் வேண்டும், வேண்டாம் என்றால் எங்குமே வேண்டாம். ஒரு நூலுக்கு அப்படி, ஒரு நூலுக்கு இப்படி என்று கலக்காதீர்கள். ஓலைச்சுவடியை, சரஸ்வதி மகாலில் பார்த்தீர்கள் என்றால், நூலகத்தின் பெயர், தஞ்சாவூர், சுவடி எண், முடிந்தால் ஏட்டு எண். சுவடி எண் இல்லாத சுவடிக் குறிப்பை நான் ரிவ்யூ செய்தால் திருப்பி அனுப்புவேன், ஏனென்றால் வேறு யாரும் போய்ப் பார்க்க வழியில்லை. பார்க்கத்தானே ரெஃபரன்ஸ்.

மூலிகைக் கட்டுரை என்றால் கேம்பிள் இருக்குமே? மெட்ராஸ் மாகாணத் தாவரங்கள் பற்றிய அந்த நூல் 1915-லிருந்து 1936 வரை பகுதி பகுதியாக வந்தது, கேம்பிளுக்குப் பிறகு ஃபிஷர் முடித்துவைத்தார். 1957-இல் பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா மறுபதிப்புப் போட்டது. நம் தீசிஸ்களில் இதற்கு விதவிதமான வருடம் பார்க்கலாம், முன்னால் எழுதியவர் போட்டதை அப்படியே எடுத்தது. உங்கள் கையில் இருப்பது மறுபதிப்பு என்றால் மறுபதிப்பு 1957 என்று சேர்த்துப் போடுங்கள், பக்க எண் அதன்படிதான் இருக்கும்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் ஒரு வேடிக்கையான வேலை செய்தார்கள். கோஸ்டர்லிட்ஸும் தௌலஸும் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற இயற்பியல் கட்டுரையை எடுத்து, அதைக் குறிப்பிட்ட நாலாயிரத்துச் சொச்சம் இடங்களைப் பார்த்தார்கள். 196 இடத்தில் தொகுதி, பக்கம், வருடம் என்று ஏதோ பிழை. ஆனால் வேறுவேறு பிழை என்று எண்ணினால் 45 தான். பக்க எண்ணில் வந்த ஒரே பிழை மட்டும் 78 தடவை. எழுபத்தெட்டுப் பேரும் தனித்தனியாக அதே எண்ணைத் தப்பாக அடித்திருக்க முடியுமா? பட்டியலைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். குறிப்பிடுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்கைப் பற்றிச் சண்டை போடலாம், அந்த 78-ஐப் பற்றி என்ன சொல்வது?

---

பின்னூட்டப்புலி

வாத்தியார் சொன்னதற்கு மேல் ஒன்று உண்டு. எல்ஸ்வியரின் ஆசிரியர் வழிகாட்டியில் மாதிரிக்காக வான் டெர் கீர் என்பவர் 2000-இல் எழுதியதாக ஒரு ரெஃபரன்ஸ் போட்டிருப்பார்கள், அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற தலைப்பில். அப்படி ஒரு கட்டுரை உலகத்திலேயே இல்லை, ஜர்னலும் இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான கட்டுரைகளின் பட்டியலில் அது போய் உட்கார்ந்திருக்கிறது. டெம்ப்ளேட்டில் இருந்ததை அழிக்க மறந்தவர்கள் எத்தனை பேரோ, நிஜம் என்று நம்பியவர்கள் எத்தனை பேரோ. பதியன், அனுப்பும் முன் உங்கள் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்று பார்த்துவிடுங்கள்.

---

புதுவரவு_07

இவ்வளவு கஷ்டம் எதற்கு? பட்டியலை சாட்ஜிபிடியில் ஒட்டி வான்கூவருக்கு மாற்று என்றால் ஒரு நிமிடத்தில் கொடுத்துவிடுகிறதே.

---

கடைசிப்பக்கம்

கொடுக்கும். அழகாகவும் கொடுக்கும். விடுபட்ட பக்க எண்ணைத் தானே நிரப்பியும் கொடுக்கும், அங்கேதான் வில்லங்கம். தெரியாத இடத்தில் காலியாக விடாமல் பொருத்தமாகத் தெரிகிற ஒரு எண்ணைப் போட்டுவிடும், பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும். இல்லாத கட்டுரைக்கு நிஜ ஜர்னல் பெயரும் நிஜ ஆசிரியர் பெயரும் சேர்த்து ரெஃபரன்ஸ் உருவாக்கியதும் உண்டு. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் அது சொன்ன வழக்குகளைச் சரிபார்க்காமல் நீதிமன்றத்தில் கொடுத்து, அந்த வழக்குகளே இல்லை என்று தெரிந்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். எங்கள் பக்கம் என்றால் கிராஸ்ரெஃபில் பொருந்தாது, டிஓஐ திறந்தால் வேறு கட்டுரை வரும், உடனே ஜர்னலுக்குத் தகவல் போய்விடும். ஏற்கப்பட்ட கட்டுரை அந்த இடத்தில் நின்றுவிடும்.

முறை மாற்ற ஜோட்டெரோ இருக்கும்போது அதை எதற்குக் கேட்க வேண்டும்? இதில் இன்னொரு வசதியும் உண்டு, உங்கள் பட்டியலில் உள்ள கட்டுரை ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருந்தால் ஜோட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும், அப்படித் திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தோடு இணைந்திருப்பதால். மூலிகைத் துறையில் அது தேவைப்படும், ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

---

பதியன்

எல்லோருக்கும் நன்றி. சைட்டேஷன் எல்லாம் போட்டு முடித்தேன், ஸ்டைலை ஒரு தடவை மாற்றிப் பார்த்தேன், எண்கள் எல்லாம் தானாக மாறியதைப் பார்த்துச் சந்தோஷத்தில் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்தேன். பட்டியலில் ஏழு ரெஃபரன்ஸ் கட்டுரையில் எங்குமே வரவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. ஒரு கட்டுரையில் சிவப்பு எச்சரிக்கையும் வந்திருக்கிறது, கைடிடம் காட்ட வேண்டும். கேம்பிள் என்னிடம் 1935 என்று இருந்தது வாத்தியார் ஐயா, நூலகத்தில் போய்ப் பார்த்து மாற்றிவிட்டேன்.

கடைசியாக இரண்டு. வைத்தியர்கள் நேரில் சொன்னதை ரெஃபரன்ஸாகக் கொடுக்கலாமா? தாவரப் பெயர் சரிபார்த்த லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்தின் இணையதளத்தை எப்படிக் கொடுப்பது?

---

ஓய்வு_வாத்தியார்

வைத்தியர்கள் சொன்னது உங்கள் தரவு, ரெஃபரன்ஸ் இல்லை. முறைகள் பகுதியில் எத்தனை பேர், எந்த ஊர்கள், ஒப்புதல் எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள், பட்டியலுக்குள் கொண்டுவராதீர்கள். வேறொரு ஆய்வாளர் உங்களுக்குக் கடிதத்தில் சொன்ன தகவல் என்றால் அது தனிப்பட்ட தகவல், அதையும் வாக்கியத்துக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயரும் தேதியும் போட்டு அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதுவும் பட்டியலில் வராது.

இணையதளத்துக்குப் பார்த்த தேதி அவசியம். தாவரப் பெயர்கள் அங்கே மாறிக்கொண்டே இருக்கும், இன்று ஏற்கப்பட்ட பெயர் அடுத்த வருடம் இணைப்பெயராகிவிடும். அப்புறம், தாவரப் பெயருக்குப் பின்னால் வரும் எல். போன்ற பெயரிட்டவர் சுருக்கத்தை ரெஃபரன்ஸ் என்று நினைத்து லின்னேயஸைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் ரிவ்யூவர் எங்காவது ஒருவர் மாட்டுவார். பணிவாக மறுத்துவிடுங்கள்.

---

கடைசிப்பக்கம்

ஏழு உதிர்ந்ததா, நல்லது, அந்த ஏழு கேள்வியும் எங்கள் பக்கம் மிச்சம்.

ஏற்கப்பட்டால் அச்சுக்கு முன் சரிபார்க்கும் ப்ரூஃப் வரும், பெரும்பாலும் இரண்டு நாளில் திருப்பக் கேட்பார்கள். ஓரத்தில் எண் போட்ட கேள்விகள் இருக்கும், அதில் பாதி ரெஃபரன்ஸ் பற்றித்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். ‘22-ஆம் ரெஃபரன்ஸின் பக்க எண்ணைத் தரவும்’ என்று கேட்டால் அதற்கு ‘ஓகே’ என்று பதில் எழுதி அனுப்புகிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய?